வாதி பகவதி, பிரதிவாதி நீலவலை

ஜனவரி 8, திங்கள்

இந்த டைரி, மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி ஒருவர் நான் வேலை பார்க்கிற ரத்தப் பரிசோதனை லேப்புக்கு வந்து கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'நெஞ்செரிச்சலா?' என்று கேட்டு ஒரு மாத்திரைப் படம் போட்டிருக்கிறார்கள். என் வீட்டுக்காரரைப் பற்றி யாரோ முன்னாலேயே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். ஒரு வாரமாகச் சும்மா கிடந்தது. இன்று எழுத விஷயம் கிடைத்துவிட்டது.

காலையில் நீலவலையிடமிருந்து நோட்டீஸ் வந்தது. நீலவலை என்பது எங்கள் வீட்டுக்கு இன்டர்நெட் கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனி. கொடுத்துக்கொண்டிருந்தது என்று அவர்கள் பில் சொல்லும். போன மே மாத மழையில் லைன் மூன்று வாரம் செத்துக் கிடந்தது. செத்த லைனுக்கும் முழு மாதக் கட்டணம் போட்டார்கள். மகள் சென்னைக்குப் படிக்கப் போகிறாள், இனி எதற்கு என்று ஜூனில் இணைப்பைத் துண்டித்தோம். மோடத்தை லைன்மேன் சுயம்பு கையில் கொடுத்தோம். அவன் அதை மீன் வாங்குகிற பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனான். அடுத்த மாதம் குவைத்துக்கே போய்விட்டான். மோடம் வந்து சேரவில்லை என்று கம்பெனி அதற்கும் ஒரு விலை போட்டு, மொத்தம் ரூ.1,934 கட்டச் சொல்கிறது.

ரசீது வாங்கினோமா என்றால் இல்லை. என் வீட்டுக்காரர் தாணுமாலயன் முன்சீப் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க். ரசீது இல்லாதவர்கள் தோற்பதை இருபத்தாறு வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவர். கேட்டால், "சுயம்பு நம்ம தெருப் பையன்லா. அவங்கிட்டப் போயி ரசீது கேட்டா அவன் அம்மை என்ன நெனைப்பா?" என்கிறார். சுயம்புவின் அம்மா நல்லவிதமாகத்தான் நினைக்கிறாள். பில்தான் வேறுவிதமாக நினைக்கிறது.

நோட்டீஸைப் பிரித்தபோது அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை, என்னைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட நான் பார்க்கவில்லை. உடனே ஃபைலை எடுத்தார். ஆறு மாதமாக அவர் இந்த ஃபைலை வளர்க்கிறார். பதிவுத் தபால், ஒப்புகை அட்டை, அதற்குக் கம்பெனி அனுப்பிய 'உங்கள் கருத்துக்கு நன்றி' எல்லாம் வரிசையாக இருக்கின்றன. தபால் செலவு மட்டும் எழுநூறு தாண்டியிருக்கும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

அட்டையில் சிவப்பு மையில் பெரிதாக எழுதியிருந்தது. வாதி: தா.பகவதி. பிரதிவாதி: நீலவலை. நான் வழக்குப் போட்டிருக்கிறேன் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

"என் பேரு எதுக்கு?" என்றேன்.

"கனெக்‌ஷன் உன் பேர்லதான இருக்கு."

அதுவும் உண்மை. அவர் கும்ப ராசி. ஏழரைச் சனி தொடங்கியபோது ஒழுகினசேரி ஜோசியர், ஏழரை வருஷம் முடிகிற வரைக்கும் புதிதாக எதையும் உங்கள் பேரில் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எல்லாம் என் பேரில்தான். ஸ்கூட்டர் என் பேரில், ஓட்டுவது அவர். இன்டர்நெட் என் பேரில், ஃபோன் நம்பர் அவருடையது. காகிதத்தில் பார்த்தால் நான் இந்த நாகர்கோவிலில் ஒரு பெரிய புள்ளி.

நோட்டீஸில் கடைசி வரி: 'தொகையைச் செலுத்தத் தவறினால் தங்கள் கடன் பதிவில் ஏற்றப்படும்.' அதன் அடியில் கோடு போட்டு, ஓரத்தில் 'மிரட்டல்' என்று எழுதி, ஆவணம் 9 என்று எண் கொடுத்து ஃபைலில் செருகினார். கேஸ் நிலுவையில் இருக்கும்போது எவனும் எதன் மேலும் கை வைக்க முடியாதாம். பிறகு திருப்தியாக இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

ஜனவரி 13, சனி

அவர் கோயிலில் சனீஸ்வரனுக்கு எள் விளக்குப் போட்டார். எள், எண்ணெய், திரி எல்லாம் வாங்கிக்கொடுத்தது நான். பில்லும் என் பேரில்தான் இருக்கும்.

ஜனவரி 17, புதன்

பொங்கல் லீவு முடிந்து லேப் திறந்ததும் ஊரே சர்க்கரை பார்க்க வந்துவிட்டது. மூன்று நாள் பாயசம் குடித்துவிட்டு நாலாம் நாள் பயம் வருகிறது. வெறும் வயிற்றில் வரச் சொன்னால் ஒருத்தர், "ஒண்ணும் சாப்பிடல்ல, ஒரு சாயா மட்டும், அதுகூட ரெண்டு பழம்பொரி" என்கிறார். அவரை நாளைக்கு வரச் சொன்னேன். நாளைக்கு அவர் பழம்பொரியை மட்டும் விட்டுவிடுவார்.

மத்தியானம் ஜெபக்கனி மேடம் என்னை உள்ளே கூப்பிட்டார்கள். லேப் அவர்களுடையது. அவர்களும் என்னைப் போல டெக்னீஷியனாக இருந்து, முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு மைக்ராஸ்கோப்பை வைத்துத் தொடங்கியவர்கள். நான் சேர்ந்தே இருபது வருஷம் ஆகிறது.

"பகவதி, நான் மகன்கூட பெங்களூருக்குப் போறேன். முட்டு ரெண்டும் போச்சு. பெரிய லேப் கம்பெனிக்காரன் ஒருத்தன் விலை பேசிட்டுப் போயிருக்கான். ஆனா உனக்குத்தான் மொதல்ல கேக்கேன். மெஷின், சாமான் எல்லாம் சேத்து ஒம்பது லட்சம். மார்ச் முடியதுக்குள்ள சொல்லு. அதுக்கு மேல என்னால பிடிச்சு வைக்க முடியாது."

"யோசிச்சுச் சொல்லுதேன் மேடம்" என்று சாதாரணமாகச் சொன்னேன். எனக்கு ஒன்றும் பெரிய ஆசை கிடையாது. வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜ் முழுவதையும் காலி செய்து கழுவினேன். அழுக்காக இருந்தது, அவ்வளவுதான்.

மூன்று லட்சம் சீட்டுப் பணம் இருக்கிறது. ஆறு லட்சம் வேண்டும். அவருடைய கோர்ட் ஊழியர் சங்கத்தில் கேட்டால் ஆறு லட்சம் சுலபமாகக் கொடுப்பார்கள், சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்வார்கள். இரவு சாப்பிடும்போது சும்மா சொல்லிப் பார்த்தேன்.

"என் பேர்லயா?" என்றார். ஏதோ பாம்புப் புற்றில் கையை விடச் சொன்ன மாதிரி பார்த்தார். "சனி இன்னும் மூணு வருஷம் இருக்கு பகவதி. நீ பேங்க்ல கேளு. உன் பேர்ல ஒரு கறையும் கிடையாதே."

ஜனவரி 18, வியாழன்

லேப் போர்டின் அகலம் பத்தடி. சும்மா அளந்தேன்.

ஜனவரி 29, திங்கள்

பேங்குக்குப் போனேன். கடன் பிரிவில் மோனிஷா என்று ஒரு பெண், கோயம்புத்தூர்க்காரி. நான் சம்பளச் சான்றிதழ், லேப் கணக்கு, மெஷின்களின் விலைப்பட்டியல் எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு போயிருந்தேன். கோர்ட்காரனைக் கட்டினால் அடுக்குவதாவது வரும்.

"சூப்பரா கொண்டு வந்திருக்கீங்க மேடம். எல்லாமே கரெக்டா இருக்குங்க. உங்க சிபில் ஸ்கோர் மட்டும் பார்த்துட்டா அப்புறம் ஒண்ணுமே இல்லீங்க" என்றாள்.

வரும் வழியில் போர்டு எழுதுகிறவர் கடை இருந்தது. நின்று விலை கேட்டேன். ஆயிரத்து எண்ணூறு சொன்னார், ஆயிரத்து நூறுக்குக் கொண்டுவந்தேன். ஆர்டர் கொடுக்கவில்லை. பேரம் எனக்கு ஒரு பொழுதுபோக்கு. வடசேரி சந்தையில் நான் நுழைந்தால் கத்தரிக்காய்க்காரி முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

பிப்ரவரி 9, வெள்ளி

கடன் கிடையாது.

மோனிஷா கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். என் ஸ்கோர் ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு. எழுநூற்றைம்பதாவது வேண்டுமாம். வாழ்க்கையில் நான் வாங்கிய ஒரே கடன் வாஷிங் மெஷின் தவணை. அதையும் நாள் தவறாமல் கட்டினேன். அது ஒரு பக்கம் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அதன் கீழே சிவப்பில் ஒரு வரி. நீலவலை, ரூ.1,934, வராக்கடன்.

"இது லோனே இல்லையேம்மா. இன்டர்நெட் பில்லு" என்றேன்.

"இப்பல்லாம் ஃபோன், இன்டர்நெட் பாக்கிகூட இதுல வருதுங்க மேடம். கட்டாம ரொம்ப நாள் விட்டா, வராதுன்னு எழுதி அனுப்பிடறாங்க."

"கட்டாம விடல்ல. பில்லு தப்புன்னு சண்டை போட்டுட்டு இருக்கோம்."

"சண்டை போடறது இதுல தெரியாதுங்க. கட்டலைன்னு மட்டும்தான் தெரியும்."

பாவம், அந்தப் பெண்ணுக்கும் வருத்தம்தான். இரண்டு வழி சொன்னாள். பில் தப்பு என்று கம்பெனியே ஒத்துக்கொண்டு அந்த வரியை எடுக்கச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் முழுசாகக் கட்டிவிட்டு, பாக்கி இல்லை என்று சான்றிதழ் வாங்கிவந்தால், அவள் மேலதிகாரியிடம் பேசிப் பார்ப்பாள். பிறகு, "சார் பேர்ல ஏதாவது இருக்குங்களா? அவரையும் சேர்த்துப் போடலாம்" என்றாள்.

அவர் பேரில் சனியைத் தவிர எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரவு அவரிடம் சொன்னேன். அவர் நம்பவே இல்லை.

"அது எப்படி முடியும்? நான் கம்பெனியோட அப்பீல் அதிகாரிக்கு மனு போட்டு அது நிலுவைல இருக்கு. தீர்ப்பு வராம எப்படி தண்டனை குடுப்பான்?"

"குடுத்துட்டான். எனக்கு."

"இது சட்டப்படி செல்லாது, கேட்டியா. எங்க கோர்ட்ல ஒரு தென்னை மரத்துக்கு முப்பத்தோரு வருஷமா கேஸ் நடக்கு. முடியத வரைக்கும் அதுல இருந்து ஒரு தேங்காய் எவனும் பறிக்க முடியாது."

"அந்த மரத்துக்கு மார்ச் முப்பத்தொண்ணு தேதி உண்டா?" என்றேன்.

அவர் ஃபைலைத் தட்டிக் காட்டினார். அப்பீல் பதில் மார்ச் நடுவில் வந்துவிடும், ஜெயித்தால் அந்த வரியே அழிந்துபோகும் என்றார். இரண்டாவது வழியைச் சொன்னேன். பதறிப்போய்விட்டார்.

"கட்டிராதே. கட்டினா குத்தத்தை ஒத்துக்கிட்ட மாதிரி. கேஸ் அதோட போச்சு. எனக்கு வாக்குக் குடு பகவதி."

கொடுத்தேன். என் பேரில் இருக்கிற மற்ற சாமான்களோடு அதுவும் இருக்கட்டும்.

பிப்ரவரி 10, சனி

எள் விளக்கு. இன்று எண்ணெய் வாங்கித் தரவில்லை. அவரே போய் வாங்கினார்.

பிப்ரவரி 15, வியாழன்

பெரிய லேப் கம்பெனியிலிருந்து டை கட்டிக்கொண்டு ஒருத்தர் வந்து சுவரையெல்லாம் ஃபோட்டோ எடுத்துக்கொண்டு போனார். என்னிடம், "நீங்க இங்க ஸ்டாஃபா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பின்னே வேறென்ன சொல்ல.

ஜெபக்கனி மேடம், "என்ன ஆச்சு?" என்று கண்ணால் கேட்டார்கள். மார்ச்சுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று நானும் கண்ணால் சொன்னேன்.

பிப்ரவரி 21, புதன்

லேப்பில் கூட்டம். மத்தியானம் ஒரு ஃபோன் வந்தது. வெளியே வேப்பமரத்தடியில் நின்று கொஞ்ச நேரம் பேச வேண்டியிருந்தது. அப்புறம் ஒரு சின்ன வேலை. எழுதுகிற அளவுக்கு ஒன்றுமில்லை.

இரவு அவருக்குப் பிடித்த உள்ளித்தீயலும் அப்பளமும். "இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டார். உள்ளி மலிவாகக் கிடைத்தது என்றேன். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். அவர் சாப்பிடுகிறபோது முகத்தைப் பார்க்க முடியவில்லை, அடுப்படியில் வேலை இருந்தது.

பிப்ரவரி 22, வியாழன்

மனசு லேசாக இருக்கிறது. போர்டுக்காரரிடம் ஐந்நூறு ரூபாய் முன்பணம் கொடுத்தேன்.

மார்ச் 2, சனி

வீட்டில் இவர் அப்பீலுக்குக் கூடுதல் மனு எழுதுகிறார். பதினோரு பக்கம். ஆறாம் பக்கத்தில் என்னைப் பற்றி, 'வாதியானவர் நேர்மையும் மன உறுதியும் மிக்க குடும்பப் பெண்மணி, அழுத்தங்களுக்குப் பணியாதவர்' என்று எழுதியிருக்கிறார். படித்துக் காட்டினார். அழகாக இருக்கிறது என்றேன். அடுப்பில் ஏதோ தீய்கிற மாதிரி இருந்தது, எழுந்துபோனேன்.

மார்ச் 11, திங்கள்

இனி மறைத்து என்ன. டைரிக்கு வாயா இருக்கிறது.

உள்ளித்தீயல் வைத்த அன்றைக்கு ஃபோன் பண்ணியவன் நீலவலைக்கு வசூல் பண்ணிக் கொடுக்கிற ஆள். குரல் தேன் மாதிரி இருந்தது. "மேடம், உங்களுக்காக ஸ்பெஷல் ஆஃபர். ஆயிரத்து முந்நூறு கட்டினா போதும். இன்னிக்கே உங்க அக்கவுன்ட் முடிஞ்சிடும், கடிதமும் வந்துடும்" என்றான். சும்மா இருந்திருக்கலாம். முழுசாகக் கட்டுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஒருத்தன் விலையைக் குறைக்க ஆரம்பித்துவிட்டான் என்றால் எனக்குக் கை நிற்காது. எண்ணூறு என்றேன். ஆயிரத்து நூறு என்றான். ஃபோனை வைக்கப்போகிறேன் என்றேன். கடைசியில் தொள்ளாயிரத்துக்கு இறங்கினான். ஒரு கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்கிய சந்தோஷத்தோடு பணத்தை அனுப்பினேன். கடிதமும் வந்தது. அதைத்தான் இன்று மோனிஷாவிடம் பெருமையாக நீட்டினேன்.

அவள் படித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஏன் மேடம் கம்மியா கட்டினீங்க?"

"அவனே குறைச்சான்."

"முழுசா கட்டியிருந்தா 'முடிக்கப்பட்டது'ன்னு வரும்ங்க. கம்மியா கட்டினதால 'சமரசம்'னு வந்திருக்கு. முழுசா கட்ட வக்கில்லாதவங்க, பாதியக் குடுத்து முடிச்சாங்கன்னுதான் பேங்க் இத எடுத்துக்கும். இது வருஷக்கணக்கா நிக்கும்ங்க."

"மீதிய இப்பவே கட்டுதேன்."

"அவங்க கணக்கை மூடிட்டாங்க மேடம். திரும்பத் திறக்கச் சொல்லிக் கேட்கலாம். ஆனா மாசக்கணக்கா ஆகும்."

ஆயிரத்து முப்பத்து நான்கு ரூபாயை மிச்சம் பிடித்து, ஒன்பது லட்ச ரூபாய் லேப்பை விட்டிருக்கிறேன். நாகர்கோவிலில் இவ்வளவு கெட்டிக்காரி வேறு யாரும் இருக்க மாட்டாள். அவர் கோர்ட்டில் பார்த்ததைக் கம்பெனியிடம் செய்தார், நான் சந்தையில் செய்வதைக் கம்பெனியிடம் செய்தேன். நல்ல ஜோடிதான். ஜாதகம் பார்த்துத்தான் கட்டிவைத்தார்கள்.

அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 13, புதன்

போர்டு ரெடி, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஃபோன் வந்தது. ஊரில் இல்லை என்று சொன்னேன்.

மார்ச் 15, வெள்ளி

சாயங்காலம் அவர் ஸ்கூட்டரை நிறுத்தின சத்தத்திலேயே தெரிந்தது, சந்தோஷமாக வருகிறார் என்று. கையில் அச்சிட்ட இரண்டு தாள்.

"அப்பீல் வந்துட்டு பகவதி. இப்பிடி உக்காரு. நின்னுட்டுக் கேக்கக் கூடாது."

உட்கார்ந்தேன். கோர்ட்டில் பேர் கூப்பிடுகிற குரலில் வாசித்தார். சந்தாதாரர் குறிப்பிட்ட மோடம், எண் உட்பட, கம்பெனியின் கிடங்கில் இருப்பது கண்டறியப்பட்டது. பழுதான நாட்களுக்குக் கட்டணம் விதித்ததும் தவறு. தொகை முழுவதும் ரத்து செய்யத்தக்கது.

"ரத்து செய்யத்தக்கது. கேட்டியா? மொத்தமும். நான் சொன்னேம்லா." சட்டைப் பொத்தான் தெறித்துவிடும் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இந்த மனிதரை நான் கல்யாணம் பண்ணி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது, இவ்வளவு அழகாக இருந்ததில்லை. பக்கத்தைத் திருப்ப வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். திருப்பிவிட்டார்.

"எனினும், சந்தாதாரர் பிப்ரவரி இருபத்தொன்றாம் தேதி ரூபாய் தொள்ளாயிரம் செலுத்தி, தாமாகவே சமரசம் செய்துகொண்டுவிட்டபடியால்..."

அங்கே நின்றார். மறுபடி முதலிலிருந்து வாசித்தார், இந்த முறை சத்தம் இல்லாமல்.

"சந்தாதாரர்னா யாரு?"

"நான்தான்."

"ராஜியா போயிட்ட?"

கோர்ட்டில் சமரசத்துக்கு அதுதான் பெயர். இத்தனை மாதத்தில் எனக்கும் அந்த பாஷை பழகிவிட்டது. ஆமாம் என்றேன். இன்னும் மூன்று வாரம் பொறுத்திருந்தால் என் பேரில் இருந்த அந்த வரியே அழிந்திருக்கும். அவர் சொன்னதுதான் நடந்திருக்கிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. "என்ட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

"என் பேர்ல கேஸ் போடும்போது நீங்க என்ட்ட ஒரு வார்த்தை சொன்னியளா? கடன் பதிவுல ஏத்துவோம்னு அவன் எழுதினானே, அது யாரு பதிவுன்னு யோசிச்சியளா? மிரட்டல்னு எழுதி நம்பர் போட்டு வச்சிய. நம்பர் எனக்கில்லா விழுந்தது."

அவர் தாளை மடித்துக்கொண்டிருந்தார். எனக்கு நிற்கவில்லை.

"ஸ்கூட்டர் என் பேர்ல, மெஷின் என் பேர்ல, எல்லாம் என் பேர்ல. ஒண்ணாவது என்னோடதா? இருபது வருஷமா அடுத்தவ லேப்ல அடுத்தவ ரத்தத்தை எடுக்கேன். எனக்கு அந்த லேப் வேணும். ரொம்ப வேணும். போர்டு எழுதக் குடுத்திருக்கேன், தெரியுமா? பகவதி லேப்னு எழுதி அங்க கெடக்கு."

அந்த லேப் எனக்கு எவ்வளவு வேண்டும் என்று இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. இந்த டைரியில்கூட எழுதவில்லை. அடுப்படிக்குப் போய் அழுதேன். நன்றாகவே அழுதேன். அவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார். ஃபைல் மேஜை மேலேயே கிடந்தது. ஜெயித்த கேஸ்.

பக்கத்தின் அடியில் 'நெஞ்செரிச்சலா?' ஆமாம்.

மார்ச் 16, சனி

எள் விளக்குக்குப் போகவில்லை. தலைவலி என்றார்.

மார்ச் 19, செவ்வாய்

இரண்டு பேரும் அரிசி, கேஸ் சிலிண்டர், மகளுக்கு அனுப்ப வேண்டிய முறுக்கு பற்றி மட்டும் பேசுகிறோம். மரியாதையான வீடு. ஜெபக்கனி மேடத்திடம் நாளை முடியாது என்று சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன்.

மார்ச் 20, புதன்

சொல்லவில்லை. நாளைக்குச் சொல்கிறேன்.

மார்ச் 22, வெள்ளி

காலையில், "லேப்புக்கு அரை நாள் லீவு சொல்லு, என்கூட வா" என்றார். எங்கே என்று சொல்லவில்லை. ஸ்கூட்டர் அவருடைய கோர்ட் ஊழியர் சங்கத்து வாசலில் போய் நின்றது. உள்ளே செயலாளர் காகிதங்களை ரெடியாக வைத்திருந்தார். ஜாமீனுக்கு இரண்டு பேர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஆறு லட்சம். மூன்று நாளாக இதற்குத்தான் அலைந்திருக்கிறார் மனிதர், மூச்சு விடவில்லை.

"சனி?" என்றேன், மெதுவாக.

"இருக்கட்டும். நாலு வருஷம் என்னைத் தொடாம உன்னையில்லா பிடிச்சிருக்கு" என்றார்.

செயலாளர் பேனாவை நீட்டினார். இவர் வாங்கவில்லை. மணி பத்தே முக்கால், ராகு காலம் பன்னிரண்டு மணிக்குத்தான் முடியும். சனியை எதிர்த்துவிட்டார், ராகுவையும் சேர்த்துப் பகைத்துக்கொள்ளத் தைரியம் வரவில்லை. செயலாளர் சாயா வரவழைத்தார். மூன்று பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பன்னிரண்டு அடித்ததும் கையெழுத்துப் போட்டார். 'தாணுமாலயன்' என்பதில் கடைசி எழுத்து ஆடியிருந்தது. சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. எது முதலில் என்று சொல்ல முடியாது.

"லேப் யார் பேர்ல சார்?" என்று செயலாளர் கேட்டார்.

"அவ பேர்ல" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பேர்ல மட்டும் இல்ல. அவளோடது" என்றார்.

எனக்கென்று ஒரே ஒரு பொருள் வாங்க நினைத்தேன், அதற்கும் கடைசியில் அவர் பேர்தான் வேண்டியிருந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்ல. என் பேரின் மதிப்பைத்தான் ஒரு கம்பெனியும் ஒரு கத்தரிக்காய்ப் புத்தியும் சேர்ந்து கெடுத்துவிட்டதே. மாலையில் போர்டை எடுத்து வந்தேன். போர்டுக்காரர் மீதி அறுநூறு கேட்டார். பேரம் பேசாமல் முழுசாகக் கொடுத்தேன். மனிதர் பயந்துபோய் என் முகத்தையே பார்த்தார்.

ஏப்ரல் 3, புதன்

பகவதி லேப். போர்டு மேலே ஏறிவிட்டது, ஒரு ஓரம் கொஞ்சம் சரிந்து இருக்கிறது. ஜெபக்கனி மேடம் பெங்களூரிலிருந்து ஃபோன் பண்ணி, "மைக்ராஸ்கோப்பை மட்டும் நீயே தொடச்சுக்கோ, வேற யார்ட்டயும் குடுக்காதே" என்றார்கள். பழம்பொரிக்காரர் முதல் ஆளாக வந்தார். இன்றும் சாயா குடித்துவிட்டுத்தான்.

இப்போது எல்லாரும் ரிப்போர்ட்டை ஃபோனில் அனுப்பு என்கிறார்கள். மேடத்தின் பழைய இணைப்பு அவர்களோடு போய்விட்டது. புதிதாக இன்டர்நெட் வேண்டும். விசாரித்தால், அந்தத் தெருவில் கம்பி இழுத்திருக்கிற கம்பெனி ஒன்றே ஒன்றுதான். எந்தக் கம்பெனி என்று எழுதவும் வேண்டுமா.

மத்தியானம் நீலவலையிலிருந்து ஆள் வந்தார். நாற்பது வயசு இருக்கும், தோளில் கம்பிச் சுருள், கையில் புது மோடம். கோர்ட் சாப்பாட்டு நேரத்தில் என் வீட்டுக்காரரும் வந்து நின்றார். அந்த ஆள் சுவரில் துளை போட்டு முடித்து, ஃபோனை எடுத்து விவரம் பதியத் தொடங்கினார்.

"கனெக்‌ஷன் யார் பேர்ல மேடம்?"

நான் இவர் பக்கம் திரும்பினேன். இவர் சுவரில் தொங்கிய ராசிபலன் காலண்டரை ஒரு தடவை பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து தன் ஆதாரை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"என் பேர்ல போடும். மோடத்துக்கு ரசீது உண்டா?"

"அதெல்லாம் ஆப்ல வந்துரும் சார்."

"ஆப்ல வரட்டும். இப்ப இதுல ஒரு கையெழுத்துப் போடும்" என்று பையைத் திறந்து ஒரு புது ஃபைலை வெளியே எடுத்தார். அந்த ஆள் என்னைப் பார்த்தார். போட்டுவிடுங்கள், இல்லையென்றால் இன்றைக்கு வீட்டுக்குப் போக முடியாது என்றேன்.

அந்த ஆள் கையெழுத்துப் போடும்போது ஃபைல் அட்டையைப் பார்த்தேன். அதே சிவப்பு மை. பிரதிவாதி: நீலவலை. வாதி என்ற இடத்தில் இந்த முறை தன்னுடைய பெயரை எழுதியிருந்தார்.